எலுமிச்சைத் தொட்டியும் வெறும் தொட்டியும்

சாமு,

போன ஞாயிறு நம் கோயிலில் உன் கல்யாண ஓலை முதல் தடவை வாசிக்கப்பட்டது. கேரி தீவுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் உனக்கும் கிள்ளான் லில்லிக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை சொல்ல யாரும் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் வாசித்து நிறுத்தியதும், பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர், மருமக வரப்போறா, முகத்துல ஒரு பளபளப்பும் காணோமே" என்றாள். வெயில் அதிகம் என்று சொன்னேன். உன் கல்யாணத்தில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன். சந்தோஷம் என்பது அடுத்த அறையில் யாரோ பேசுவதைப் போல எனக்குக் கேட்கிறது. பேசுவது யார் என்று தெரிகிறது. வார்த்தைகள்தான் பிடிபடுவதில்லை.

நீ ஒன்று கேட்டு எழுதியிருந்தாய். கல்யாணம் முடிந்து லில்லியோடு வீட்டுக்கு வந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும்போது, தங்கச்சி எஸ்தரின் எலுமிச்சைச் செடியை எடுத்துக்கொண்டு போகலாமா என்று. உன் தோட்டத்து வீட்டு வாசலில் அதை வைக்க இடம் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. கல்யாண வேலையில் மறந்துவிட்டேன் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். மறக்கவில்லை. உன் கேள்வி வந்த வாரத்தில் அந்தச் செடியில் ஒரு இலைகூட இல்லை. இருக்கிறது என்று எழுத முடியாது, இல்லை என்று எழுதவும் முடியாது என்ற நிலையில் நான் இருந்தேன். இதற்கு நடுவில் நம் சபையின் மாதப் பத்திரிகைக்காரர் வந்து, நான் செய்திருக்கும் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், தானாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் அந்தத் தொட்டி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவும் என்பதால் செய்முறையை எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். செய்முறையை மட்டும் தனியாக எழுத வரவில்லை. உனக்குப் பதில் எழுதினால் அதற்குள் செய்முறையும் வந்துவிடும் என்று தோன்றியது. ஆகவே இது உனக்கு எழுதுவது. மற்றவர்களும் படிக்கட்டும்.

அந்தச் செடி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் லில்லிக்குத் தெரியாது. நீ வேலை கிடைத்து முதல் தடவை கேரி தீவுக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்தாய். வாயில் அகப்பட்ட விதையை முற்றத்தில் துப்பினாய். எஸ்தர் உடனே போய் அதைத் தேடி எடுத்தாள். "ஐயே, அண்ணன் எச்சி" என்று சொல்லிக்கொண்டே கழுவி, சிகரெட் டின்னில் மண் போட்டு ஊன்றினாள். முளைத்ததும் அதற்குச் சாமு என்று உன் பெயரை வைத்தாள். நீ லீவில் வரும்போதெல்லாம் உன்னையும் அதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "ரெண்டும் வளர மாட்டேங்குது லா, ரெண்டுக்கும் முள்ளு மட்டும் இருக்கு" என்பாள். டின்னிலிருந்து மண்சட்டிக்கு மாற்றினாள். காசித்தும்பையும் மல்லிகையும் கறிவேப்பிலையும் அதற்குத் துணையாக வந்தன. நம் ரயில்வே வீட்டின் பின் வராந்தா முழுவதும் அவளுடைய சட்டிகள் ஆயின. உன் அப்பா ரயில் வேலை முடிந்து வரும்போது கைவிளக்கை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்துக் காய்ச்சலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ வந்திருந்தாய், பார்த்தாய், எஸ்தரின் அடக்கம் முடிந்து போனாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. நான் பள்ளிக்கூடம் போனேன். பாடம் நடத்தினேன். எந்தப் பிள்ளையும் என்னிடம் ஒரு வித்தியாசத்தையும் கண்டிருக்காது. வீட்டுக்கு வந்து சமைத்தேன். அப்பாவும் வழக்கம்போலக் கிள்ளான் வண்டியில் கார்டாகப் போய்வந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் எனக்கு முடியவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு, செம்பை அப்படியே கொண்டுவந்து உள்ளே வைத்துவிடுவேன். காசித்தும்பை வாடிக் கிடந்தால் வாடிக் கிடக்கிறது என்று பார்ப்பேன். அழுகை வந்திருந்தால்கூட அந்தக் கண்ணீருக்கு ஒரு உபயோகம் இருந்திருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். அது வேடிக்கையாக நினைத்தது. சிரிக்கவில்லை.

சாகவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சாமு. தினமும் அங்கே போய் நிற்க முடியாது, அவ்வளவுதான். என்னை விட்டுவிட்டு அவை தாமே குடித்துக்கொள்ள ஒரு வழி செய்ய முடியுமா என்று யோசித்தேன். சென்னையில் கல்லூரியில் படித்தபோது, சாயத் தண்ணீர் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு துணிக் கீற்றைத் தொங்கவிட்டு, தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதைக் காட்டினார்கள். அப்பாவின் கைவிளக்கில் எண்ணெய் ஏறுவதும் அதே மாதிரிதான். அவரிடம் எண்ணெய் படாத புதுத் திரிகள் நிறைய இருந்தன. காலி மண்ணெண்ணெய் டின்களை வாசம் போகக் கழுவிப் படுக்கவைத்து மேல் தகட்டை வெட்டி எடுத்தேன். உள்ளே தண்ணீர் நிரப்பினேன். குறுக்கே பலகை போட்டு அதன் மேல் சட்டிகளை வைத்தேன். ஒவ்வொரு சட்டியின் அடி ஓட்டை வழியாகவும் புதுத் திரி ஒன்றைச் செருகி, ஒரு முனை வேருக்குப் பக்கத்திலும் மறு முனை தண்ணீருக்குள்ளும் இருக்கும்படி விட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நான் ஊற்றாத ஈரம். அதற்குப் பிறகு டின்னில் தண்ணீர் குறைந்தால் நிரப்புவது மட்டும்தான் வேலை. அதை வாரத்தில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம்.

செல்லம்மா அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், செடிக்கெல்லாம் விளக்கு வெச்சிருக்கீங்க? திரி இருக்கு, நெருப்பு எங்க?"

"இது தண்ணி குடிக்கிற திரி அக்கா."

"படிச்சவங்க வீட்டுல செடிகூட தானே எடுத்துக் குடிக்குது பாரு. எங்க வீட்டுல புருஷனுக்கே நான் ஊத்தித்தான் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செடிகள் தேறின. மல்லிகை பூத்தது. நான் அதைப் பறிக்கவில்லை, ஆனால் பூத்தது. ஒரு வருத்தமும் இல்லாமல், ஒரு மகிழ்ச்சியும் இல்லாமல், இது சரியாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். திறந்து கிடக்கும் தண்ணீர் என்ன செய்யும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நம் தெருவில் இருக்கிற எவரும் யோசிப்பார்கள். சாக்கடைக்கெல்லாம் எண்ணெய் தெளித்துக்கொண்டு ஆட்கள் போவதைத் தினமும் பார்க்கிறோம்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு சனிக்கிழமை வந்தார். அன்று அப்பா வீட்டில் இருந்தார். வந்தவர் தமிழர்தான். மரியாதையானவர். கையில் ஒரு வெள்ளை அகப்பை வைத்திருந்தார். வராந்தாவுக்குப் போய், பலகையை நகர்த்தி, டின்னில் அகப்பையை விட்டு எடுத்து எங்கள் இருவரிடமும் காட்டினார். தண்ணீரில் சின்னச் சின்னதாகப் புழுக்கள் தலைகீழாகத் துள்ளின.

"இது என்ன அம்மா, வீட்டுக்குள்ளயே கொசு வளர்க்கிறீங்க?"

அப்பா கேட்டார்: "காய்ச்சல் கொசுவா?"

"இது வேற ஜாதி ஐயா. அந்தக் கொசு ஓடுற தண்ணியிலதான் வரும். ஆனா கொசு கொசுதானே. அடுத்த வாரமும் இருந்தா சம்மன் எழுதிடுவேன். மனசுல வெச்சுக்காதீங்க, டியூட்டி லா." அவருக்கு எங்கள் வீட்டில் நடந்தது தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேற ஜாதி என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. எஸ்தருக்குக் காய்ச்சல் வந்தது இந்த டின்களை நான் வைப்பதற்கு முன்பு என்பதும் தெரியும். தெரிந்திருப்பது ஒரு பக்கம் இருந்தது. அந்த அகப்பைக்குள் துள்ளியது இன்னொரு பக்கம் இருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து டின்களைக் கொட்டிவிட்டு வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. அப்போதெல்லாம் நாங்கள் எதையுமே சொல்லிக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது டின்களில் தண்ணீர் தெளிவாக இருந்தது. புழு ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டரின் ஆட்கள் வந்து ஏதோ செய்திருப்பார்கள் என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டேன். அந்த வாரக் கடைசியில் காசித்தும்பை சரிந்தது. தண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிறகு மல்லிகை, பிறகு கறிவேப்பிலை. எலுமிச்சையின் இலைகள் மஞ்சளாகி, தொடுவதற்கு முன்பே உதிர்ந்தன. நான் குனிந்து மண்ணை முகர்ந்தேன். ரயில் வாசம் அடித்தது. அப்பா வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் இருக்குமே, அந்த வாசம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "தொட்டியில எண்ணெய் ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன். மேலாகத்தான். விளக்குக்கு வெச்சிருந்தது. எண்ணெய் மெதந்தா புழு மூச்சு முட்டிச் செத்துடும்ல, சாக்கடைக்கு அப்படித்தானே பண்றாங்க."

"திரி இருக்குதே."

அவர் கை சோற்றில் நின்றது. "ஆமா" என்றார். "திரி இருக்குது. அது வேற என்ன பண்ணும்?" பிறகு, "இருபது வருஷமா நான் அதைத்தானே வெட்டி வெட்டி ஏத்தறேன்" என்றார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். தட்டு எதிரில் இருந்தது. அவர் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வைத்த பொருளைத் தேடுவது போல அதை எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. "எலுமிச்சை இன்னும் முழுசாப் போகலை" என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே எழுந்துவிட்டார்.

இந்த இடத்தில் உனக்கும் லில்லிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா எண்ணெய் ஊற்றியது அன்பினால். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இன்னொரு கொசு இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்தார், என் கண்ணில் புழு படக்கூடாது என்று நினைத்தார், என்னிடம் கேட்டால் நான் அதை மறுபடி நினைக்க வேண்டியிருக்குமே என்று நினைத்து, கேட்காமல் ஊற்றினார். அதற்கு முன்பும் அப்படித்தான். எஸ்தரின் பாவாடைகளை நான் பார்க்கக் கூடாதென்று நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். அவருடைய கண்ணில் படக்கூடாதென்று நான் அவள் தட்டையும் டம்ளரையும் பரண் மேல் ஏற்றியிருந்தேன். அந்தப் பாவாடைகளை நான் தேடினேன். அவர் அந்தத் தட்டைத் தேடியிருப்பார். ஒருவருக்கொருவர் கேட்காமல் நல்லது செய்துகொண்டே நாங்கள் இருவரும் ஒரு வீட்டைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டோம். நீங்கள் இருவரும் சண்டை போடுவீர்கள், அது போகட்டும். ஆனால் நல்லது செய்வதாக இருந்தால், கையில் இருப்பதை ஊற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கெட்டது செய்யும்போது யாரும் கேட்பதில்லை, அதற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது.

எலுமிச்சையைச் சட்டியிலிருந்து எடுத்தோம். பழைய மண் முழுவதையும் உதறினோம். கிணற்றடியில் வைத்து வேரைக் கழுவினோம். வாசம் போகும் வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினோம். கறுத்துப்போன வேர்களை நான் வெட்டினேன், அப்பா செடியைப் பிடித்துக்கொண்டார். கிளைகளையும் குறைத்தேன். மிஞ்சியது ஒரு குச்சி, முள்ளோடு. அதற்கு மறுநாள்தான் உன் கேள்வி வந்தது.

புதுத் தொட்டியை இருவருமாகச் செய்தோம். இதுதான் பத்திரிகைக்காரர் கேட்ட பகுதி. சீனக் கடைகளுக்கு உப்பு முட்டை வரும் பழுப்புச் சாடி இருக்கிறதல்லவா, உள்ளும் புறமும் மெழுகியது போல் பளபளக்குமே, அதுதான் தண்ணீருக்கு. டின் துருப்பிடிக்கும், சாடி பிடிக்காது. முட்டை விற்றபின் கடைக்காரர்கள் அதைச் சும்மா தருவார்கள். உள்ளே இருக்கும் உப்புப் போக இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். சாடியின் வாயில் இடுப்பு வரை இறங்கி, அதற்கு மேல் இறங்காமல் உட்காருகிற அளவில் ஒரு மண்சட்டி வாங்க வேண்டும். சாடிக்கும் சட்டிக்கும் நடுவே பழந்துணியைக் கயிறாக முறுக்கி வளையமாக வைத்தால் இடைவெளியே இருக்காது. கொசு உள்ளே போக வழியில்லை. இதுதான் முக்கியம். தண்ணீர் வெளியே தெரியக் கூடாது. திரிக்கு, அப்பா தன் விளக்குத் திரி வேண்டாம் என்றார். தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். அதைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, பின்னி, சட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீருக்குள் விட்டேன்.

தண்ணீர் ஊற்ற ஒரு மூங்கில் குழாய். கணுக்களைக் குடைந்து எடுத்துவிட்டு, மண்ணின் ஊடாகச் செருகி, சட்டியின் அடியில் இன்னொரு துளை வழியாகச் சாடிக்குள் இறக்க வேண்டும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். மூடிவிட்டால் தெரியாதுதான். ஒரு தக்கையில் தென்னை ஈர்க்கைக் குத்தி மூங்கிலுக்குள் மிதக்கவிடலாம் என்றேன். தண்ணீர் நிறைந்தால் ஈர்க்கு வெளியே நீண்டு நிற்கும், குறைந்தால் உள்ளே இறங்கும். மூங்கில் வாயை ஈர்க்கு போகும் அளவுக்குத் துளையிட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் மூடினோம். தக்கைக்கு அப்பா அலமாரியிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து, அதன் தக்கையை உருவிக் கொடுத்தார். எஸ்தரின் காய்ச்சலுக்கு வாங்கிய கொய்னா மருந்து இருந்த புட்டி. அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கேட்டார்: "இதை எடுக்கலாமா?"

"எடுங்க" என்றேன்.

வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைப்பதென்றால் இது போதும், தரையில் ஒரு சொட்டும் ஒழுகாது. வெளியே தோட்டத்தில் வைப்பதென்றால் மழை நிரப்பிவிடும். நம் ஊர் மழைக்கு வேர் அழுகிப்போகும். அதனால் சட்டியின் அடி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சாடியில் ஒரு துளை போட்டு, மிஞ்சின தண்ணீர் வெளியேற விட்டு, துளையின் மேல் மெல்லிய கம்பி வலை வைத்துத் தாரால் ஒட்ட வேண்டும். வெயில் தாங்காத செடி என்றால் துளை மண்ணுக்கு மேலே தெரியும்படி சாடியைத் தரையில் புதைக்கலாம், தண்ணீர் குளிர்ந்திருக்கும். சின்னச் செடிக்குச் சிறிய சாடியும் பால் டின்னும் வைத்து உத்திரத்தில் தொங்கவிடலாம். செல்லம்மா அக்கா புதினாவுக்கு அப்படி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எதுவானாலும் மாதம் ஒரு தடவை சட்டியைத் தூக்கி, சாடியைக் கொட்டிக் கழுவ வேண்டும். மூடியிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது சட்டியைத் தூக்கிக் காட்டினேன். அகப்பையை விட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு அம்மா. என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்றார். அப்பா செய்து கொடுத்தார்.

குச்சியைப் புதுத் தொட்டியில் நட்ட அன்றே, அதே அளவுச் சாடி, அதே அளவுச் சட்டி, அதே மண் வைத்து இன்னொரு தொட்டியும் செய்தேன். அதில் ஒன்றும் நடவில்லை.

"இது எதுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"ஒப்பிட்டுப் பார்க்க."

"எதை?"

"மண்ணு மட்டும் எவ்வளவு குடிக்குதுன்னு. அதுக்கு மேல குடிச்சா செடி குடிக்குதுன்னு அர்த்தம்."

அவர் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் இரண்டு தொட்டிகளையும் ஒரே அளவுக்கு நிரப்புவேன். இரண்டு ஈர்க்குகளும் ஒரே உயரத்தில் நிற்கும். அடுத்த ஞாயிறு பார்த்தால் இரண்டும் ஒரே உயரத்துக்கு இறங்கியிருக்கும். மறுபடி நிரப்புவேன். மறுபடி அப்படியே. நான் இல்லாத நேரத்தில் அப்பா அந்த மண்ணைக் குனிந்து முகர்ந்து பார்ப்பார் என்று செல்லம்மா அக்கா சொல்லித் தெரிந்தது. "உங்க வீட்டுக்காரர் சட்டிக்கு முத்தம் கொடுக்கிறார் டீச்சர்" என்றாள். அவர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எண்ணெய் வாசம் இன்னும் வருதா?" வரவில்லை என்பேன். அடுத்த வாரமும் கேட்பார். அந்தக் குச்சி செத்திருந்தால் அவர் அதை எப்படித் தாங்குவார் என்று நான் யோசித்தேன். எனக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்க வரவில்லை. அவருக்காக யோசிப்பது சுலபமாக இருந்தது. உன் கேள்வி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, எலுமிச்சைத் தொட்டியின் ஈர்க்கு மற்றதைவிட ஒரு நகக்கண் அளவு கீழே இருந்தது. சாடியில் விரிசல் இருக்கலாம். துணி வளையம் தளர்ந்திருக்கலாம். நான் நம்பவில்லை. இரண்டு சாடிகளையும் மாற்றி வைத்தேன். செடி வைத்திருந்த சாடியில் வெறும் சட்டியை வைத்து, மற்றதில் செடியை வைத்து, மறுபடியும் ஒரே அளவுக்கு நிரப்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கேட்காமல் செய்யாதே என்று மேலே எழுதிவிட்டு நானே இப்படி, பார். ஆனால் இல்லாத ஒன்றைச் சொல்லி அவரை எழுப்பி உட்காரவைக்க எனக்கு மனம் இல்லை.

அடுத்த ஞாயிறும் எலுமிச்சையின் ஈர்க்குதான் கீழே இருந்தது. இன்னும் கொஞ்சம் அதிகமாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குச்சியை மேலிருந்து கீழே வரை பார்த்தேன். ஒரு முள்ளின் கக்கத்தில் கடுகு அளவுக்குப் பச்சையாக ஒன்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அப்பா முன் வாசலில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"ஈர்க்கு இறங்கியிருக்கு. செடி குடிக்குது."

அவர் எழுந்து வரவில்லை. விளக்கைக் கீழே வைத்தார். "ஒழுகலையே?" என்றார்.

"சாடியை மாத்திப் பார்த்துட்டேன்."

"நீ பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது விளக்கு துடைத்த துணி. நெற்றி முழுவதும் கரி. நான் உள்ளே போய்ச் சோறு வடித்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், கஞ்சி கைமேல் பட்டுச் சுட்டது என்பதுதான் நினைவிருக்கிறது. பல மாதங்களாக எதுவும் சுட்டதாக நினைவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: எடுத்துக்கொண்டு போ. இப்போது அதில் இலைகள் இருக்கின்றன. சின்ன இலைகள்தான், கசக்கினால் எலுமிச்சை வாசம் வருகிறது, வேறு வாசம் இல்லை. நான்தான் கசக்கிப் பார்த்தேன், ஒன்றே ஒன்றை. கொண்டுபோகும்போது சாடியைக் காலியாக்கிவிட்டுத் திரியை ஈரத் துணியில் சுற்றிக்கொள். கிள்ளான் வரை அப்பா தன் வண்டியிலேயே வைத்துக்கொண்டு வருவார், யாரிடமும் கொடுக்க மாட்டார். அங்கிருந்து படகில் நீ மடியில் வைத்துக்கொள். உப்புக் காற்று படாமல் லில்லி முந்தானையால் மூடட்டும். வீட்டு வாசலில் வைத்தபின் தண்ணீர் நிரப்பி, ஈர்க்கு எங்கே நிற்கிறது என்று பார்த்து வை. நீ தோட்டத்து மரங்களுக்கும் ஆபீசுக்கும் அலைந்துவிட்டு வருவாய், லில்லி சில மாதம் தாய் வீட்டில் இருப்பாள், அதையெல்லாம் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் தானாகக் குடிக்கும் தொட்டி தானாக நிரம்பாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்வை போதும். கொசுவலைக்குள் தூங்கு. காய்ச்சல் என்று உடம்பு சொன்னால் வேலை முடியட்டும் என்று இருக்காதே. இவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய புத்தி.

வெறும் தொட்டி இங்கேதான் இருக்கிறது. அதற்கு இனிமேல் வேலை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அதையும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். திரி எடுத்துக் கொடுக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது, ஈர்க்கு எப்போதும் இறங்கும் அளவுக்கே இறங்குகிறது. ஏதாவது நடலாமே என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். கேட்கிறார் இப்போதெல்லாம். நட எனக்கு இன்னும் கை வரவில்லை. எலுமிச்சையை நீ எடுத்துப் போனபின் ஒப்பிட்டுப் பார்க்கவும் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. லில்லியிடம் சொல். கல்யாணம் முடிந்து இங்கே வரும்போது அவள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டு வரட்டும். என்ன செடி என்று நான் கேட்க மாட்டேன். அவள் கையால் நடட்டும். அந்த மண் எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் குடிக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா